ழூல் ஃபெரிதான் பிரான்சின் பள்ளிகளை உருவாக்கினாரா?

கேட்டவர் மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார். பிரான்சில் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற தொடக்கக் கல்வியை உருவாக்கியவர் ழூல் ஃபெரி என்று பாடநூல் சொல்கிறது. ஓர் அமைச்சர் சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் பள்ளிகளையெல்லாம் உருவாக்கிவிட முடியுமா? அவருக்கு முன்பு அங்கே ஏழைப் பிள்ளைகள் படிக்கவே இல்லையா? சமத்துவக் கல்வியைப் பேசிய அதே மனிதர் காலனியாதிக்கத்தை ஆதரித்தார் என்பது உண்மையா? மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: ஒரு சட்டம் செய்தது எவ்வளவு, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது எவ்வளவு? கல்வி வரலாற்றை ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் ஃபெரி அல்லர்; அவர் 1879-இல் கல்வி அமைச்சரானபோது அவர்கள் ஏற்கெனவே பள்ளியில் இருந்தார்கள். அந்தப் பள்ளி யாருடையது, அதில் யார் கற்பிக்கலாம், யார் வந்து மேற்பார்வை செய்யலாம், செலவை யார் ஏற்பது என்பவற்றை மாற்றியவர் அவர். இந்த வேறுபாடு சிறியதன்று.

இலவசக் கல்வி, கட்டாயக் கல்வி என்னும் எண்ணங்கள் ஃபெரிக்கு முன்பே பிரான்சில் பழையவை. 1792-இல் கோந்தோர்சே என்னும் அறிஞர் புரட்சி மன்றத்தில் எல்லா நிலைகளிலும் இலவசமான பொதுக்கல்விக்கு ஒரு விரிவான திட்டத்தை முன்வைத்தார். 1793 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டம் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் அறிவித்தே விட்டது. ஆனால் போரும் பணமின்மையும் ஆசிரியர் பஞ்சமும் சேர்ந்து அதைக் காகிதத்தோடு நிறுத்தின. 1795-இல் வந்த சட்டம் அந்த இரண்டு சொற்களையும் கைவிட்டது. நெப்போலியனோ அதிகாரிகளையும் பொறியாளர்களையும் உருவாக்கும் லிசே என்னும் உயர்நிலைப் பள்ளிகளில்தான் அக்கறை கொண்டிருந்தார். கிராமத்துப் பள்ளியை ஊராரிடமும் துறவற சபைகளிடமும் விட்டுவிட்டார். ஆகவே 1830-இல் கூட, ஓர் ஊரில் பள்ளி இருப்பதும் இல்லாததும் அந்த ஊரின் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்ததாகவே இருந்தது.

இந்த நிலையை உண்மையில் அசைத்தவர் ஃபிரான்சுவா கிஸோ. 1787-இல் நீம் நகரில் பிறந்த புராட்டஸ்டண்டு. தந்தை 1794-இல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டவர். ஜெனீவாவில் வளர்ந்து, பாரிஸில் வரலாற்றுப் பேராசிரியராகப் பெயர் பெற்று, 1832-இல் லூயி பிலிப் மன்னரின் ஆட்சியில் கல்வி அமைச்சரானவர். அரசியலில் பழமைவாதி; செல்வர்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்பதில் கடைசிவரை அசையாதவர். புரட்சி மீண்டும் வரக்கூடாது என்ற அச்சம் அவரிடம் நிறையவே இருந்தது. படிப்பறியாத மக்கள் எளிதில் கிளர்ச்சிக்கு இழுபடுவார்கள், ஒழுங்காகக் கற்பிக்கப்பட்ட மக்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள் என்று அவர் நம்பினார். பொதுக்கல்வியை ஏற்படுத்தியவர்களெல்லாம் சமத்துவத்தை விரும்பியவர்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்குக் கிஸோ ஒரு நல்ல மருந்து.

1833 ஜூன் 28-இல் நிறைவேறிய அவருடைய சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும், தனித்தோ அண்டை ஊராட்சிகளோடு சேர்ந்தோ, ஆண் பிள்ளைகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தியே ஆக வேண்டும் என்றது. ஒவ்வொரு மாவட்டமும் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை வைத்திருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரங்களிலும் 6,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களிலும் அதற்கு மேற்பட்ட ஓர் உயர்தொடக்கப் பள்ளி வேண்டும். ஆசிரியருக்குத் தங்குமிடமும் ஆண்டுக்குக் குறைந்தது 200 பிராங்கு நிலைச் சம்பளமும் உறுதி. அதற்கு மேல் பெற்றோர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணம் அவருக்குச் சேரும். கட்டணம் செலுத்த முடியாத ஏழைகளின் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டாயம் என்பது பள்ளி வைக்க வேண்டிய ஊராட்சிக்குத்தான். பிள்ளையை அனுப்ப வேண்டிய பெற்றோருக்கு அன்று. பெண் பிள்ளைகளைப் பற்றிய பகுதி மசோதாவிலிருந்து கைவிடப்பட்டது. 1836-இல் வந்த ஓர் அரசாணை பெண் பள்ளிகளை ஊக்குவித்ததே தவிர, எந்த ஊரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இந்தச் சட்டத்தைவிட அதற்குப் பின் கிஸோ செய்த இரண்டு காரியங்களையே நான் வகுப்பில் அதிகம் விளக்குவேன். ஒன்று, நாட்டின் ஏறத்தாழ 39,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அமைச்சரிடமிருந்து நேரடியாக ஒரு கடிதம் போயிற்று. ஊர்த்தலைவரிடமும் பங்குத்தந்தையிடமும் கைகட்டி நின்ற ஒரு மனிதருக்கு, மணியடிப்பதும் பூசைக்கு உதவுவதும் கல்லறைக் குழி வெட்டுவதும் கூடத் தன் வேலையின் பகுதியாக இருந்த ஒருவருக்கு, அரசின் அமைச்சர் கடிதம் எழுதுகிறார் என்பதே புதிது. மற்றொன்று, 1833 இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ 490 ஆய்வாளர்களை நாடு முழுவதும் அனுப்பி, ஒவ்வொரு பள்ளியையும் பார்த்து எழுதச் சொன்னார். அவர்கள் கொண்டுவந்த அறிக்கைகள் படிக்கப் படிக்க மனத்தை வாட்டுபவை: தொழுவத்தில் நடக்கும் பள்ளி, ஆசிரியரின் ஒரே அறையில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நடக்கும் பள்ளி, செருப்புத் தைத்துக்கொண்டே பாடம் கேட்கும் ஆசிரியர். 1835-இல் தொடக்கக் கல்விக்கெனத் தனி ஆய்வாளர் பதவிகள் உருவானது இந்த அனுபவத்தின் தொடர்ச்சி. பள்ளி என்பது அரசு கண்ணால் பார்த்து, கணக்கெடுத்து, சரிசெய்ய வேண்டிய ஒன்று என்ற பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல் வைத்தார்கள். 1848 புரட்சி ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. அந்த ஆண்டே கல்வி அமைச்சர் இப்போலித் கார்னோ இலவச, கட்டாயக் கல்விக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 1850-இல் வந்த ஃபாலு சட்டம் திருச்சபைக்குப் பள்ளிகளின் மேல் பெரும் அதிகாரம் தந்தது. பங்குத்தந்தை பொதுப்பள்ளிக்குள் வந்து மேற்பார்வை செய்யலாம் என்றது. கன்னியாஸ்திரீகள் அரசுத் தேர்வு எழுதாமல், தம் சபைத்தலைவி தரும் கீழ்ப்படிதல் கடிதத்தை மட்டும் காட்டிக் கற்பிக்கலாம் என்றது. குடியரசுக் கட்சியினர் பிற்காலத்தில் இந்தச் சட்டத்தை ஒரு பேயாகவே சித்திரித்தார்கள். ஆனால் 800 பேருக்கு மேல் வசிக்கும் ஊராட்சிகள் பெண்களுக்குத் தனிப்பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்ததும் அதே சட்டம்தான். 1867-இல் கல்வி அமைச்சர் விக்தோர் துருய் அந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்தார்; விரும்பும் ஊராட்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தை நீக்கவும் வழி செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கவேண்டும் என்று அவர் வெளியிட்ட அறிக்கையை மூன்றாம் நெப்போலியனின் அரசே ஏற்க மறுத்துவிட்டது.

எண்களைப் பாருங்கள். 1832-இல் தொடக்கப் பள்ளிகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 19 லட்சம். 1840-களின் இறுதியில் 35 லட்சம். 1876-இல் 47 லட்சம். ஃபெரியின் சட்டங்கள் நடைமுறைக்கு வரும் 1881–82 கல்வியாண்டில் 53 லட்சத்துக்குச் சற்று மேல். பெரிய தாவல் கிஸோவின் சட்டத்தை அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நடந்திருப்பது வெளிப்படை. 1881-இல் கட்டணம் நீக்கப்பட்டபோது, பொதுப்பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன்பே கட்டணமின்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்தறிவுக்கு வேறொரு சான்று உண்டு. 1877 முதல் 1879 வரை, லூயி மஜ்ஜியோலோ என்னும் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, ஆயிரக்கணக்கான ஊர் ஆசிரியர்களின் உதவியோடு, பழைய திருமணப் பதிவேடுகளில் மணமக்கள் கையெழுத்திட்டார்களா, கைக்குறி வைத்தார்களா என்று எண்ணச் செய்தார். 1686–90-இல் கையெழுத்திட்ட மணமகன்கள் நூற்றுக்கு 29, மணமகள்கள் 14. புரட்சிக்குச் சற்று முன் 47-உம் 27-உம். 1871–75-இல் ஏறத்தாழ 78-உம் 66-உம். கடைசிக் காலத்தில் மணம் முடித்தவர்கள் 1850-களிலும் 60-களிலும் பள்ளிக்குப் போனவர்கள். அப்போது ஃபெரி பாரிஸில் வழக்கறிஞராகவும் பத்திரிகைக் கட்டுரையாளராகவும் இருந்தார். ஆகவே பிரெஞ்சு மக்களுக்கு எழுத்தறிவித்தவர் ஃபெரி என்ற கூற்று நிற்காது. இதில் எனக்கு ஐயமில்லை. ஐயம் வருவது இந்தச் சான்றை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில். கையெழுத்திடத் தெரிந்தவர் ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் கொள்வார் என்பதற்கு உறுதி இல்லை. மாறாக, செபப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாத பெண்கள் பலர் இருந்தார்கள். அந்தக் காலப் பள்ளிகளில் படிக்கக் கற்பித்த பிறகே எழுதக் கற்பிப்பார்கள், எழுத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. மணம் செய்யாதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. மேலும் நாடு முழுவதற்குமான சராசரி, வட்டார வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. வடமேற்குக் கடற்கரையிலுள்ள சேன்-மாலோவிலிருந்து ஜெனீவா வரை ஒரு கோடு கிழித்தால், அதற்கு வடகிழக்கில் எழுத்தறிவு உயர்ந்தும், தென்மேற்கிலும் மேற்கு முனையான பிரெத்தாஞ்ஞிலும் தாழ்ந்தும் இருந்தது. பின்தங்கிய அந்த வட்டாரங்களில் 1880-களின் சட்டங்களுக்கும் அவற்றோடு வந்த பணத்துக்கும் கூடுதல் பங்கு இருந்தது என்று வாதிடுபவர்களோடு நான் உடன்படுகிறேன். எவ்வளவு பங்கு என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு.

பெண்கள் ஆண்களை எட்டிப்பிடித்த வேகத்துக்குக் காரணம் கேட்டால், விடை குடியரசின் வரலாற்றுக்குச் சற்று இக்கட்டானது. 1870-களில் பிரெஞ்சுப் பெண் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் கன்னியாஸ்திரீகளிடம் படித்தார்கள். ஃபெரி எதிர்த்துப் போராடிய அந்த அமைப்பே, அவர் கையில் கிடைத்த மாணவிகளை முன்பே பள்ளிக்குப் பழக்கியிருந்தது.

அப்படியானால் ஃபெரி செய்ததுதான் என்ன? 1832-இல் வோழ் மலைப்பகுதியில் சேன்-தியே என்னும் ஊரில், வசதியான குடியரசுக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸ் நகரைப் புதுப்பித்த ஓஸ்மானின் கணக்குகளைக் கிழித்தெழுதிய கட்டுரைகளால் 1868-இல் பெயர் பெற்றார். 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது நகர நிர்வாகப் பொறுப்பில் இருந்து ரொட்டியைப் பங்கிட்டதால் ‘பஞ்ச ஃபெரி’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. அதே 1870-இன் ஏப்ரலில், மூன்றாம் நெப்போலியனின் பேரரசு விழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கல்வியில் சமத்துவம் என்ற பொருளில் பாரிஸில் ஆற்றிய உரையில், காலத்தின் எல்லாச் சிக்கல்களுள்ளும் மக்களின் கல்வி என்ற ஒன்றையே தேர்ந்து அதற்குத் தம்மை முழுதும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அரசியல்வாதிகளின் இத்தகைய வாக்குறுதிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; இவர் விஷயத்தில் ஒன்பது ஆண்டுகள் கழித்து வாய்ப்பு வந்தது, வாக்கும் காப்பாற்றப்பட்டது.

1879 பிப்ரவரியில் கல்வி அமைச்சரானார். 1883 நவம்பர் வரை, இரண்டு சிறு இடைவெளிகளோடு, அந்தத் துறை அவரிடமே இருந்தது. இடையில் இருமுறை பிரதமராகவும் ஆனார். அவருடைய வேலைமுறை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. போல் பெர் போன்ற தீவிரமான நண்பர்கள் எல்லா மாற்றங்களையும் ஒரே பெரிய மசோதாவில் அடக்க விரும்பினார்கள். ஃபெரி அதைத் துண்டுதுண்டாக்கினார். முதலில் ஆசிரியர்: 1879 ஆகஸ்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு பயிற்சிப் பள்ளிகளை நான்கு ஆண்டுகளுக்குள் ஏற்படுத்தப் பணித்தது. அன்று ஆண்களுக்கு 70-க்கு மேல் இருந்தன, பெண்களுக்கு 20-கூட இல்லை என்பதைக் கருதினால், இதுதான் அவருடைய சட்டங்களுள் மிகத் தொலைநோக்கானது என்பது என் கருத்து. பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகின்றன. அடுத்து 1881 ஜூன் 16: அதே நாளில் இரண்டு சட்டங்கள். ஒன்று பொதுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தது. மற்றொன்று கற்பிக்கும் எல்லோருக்கும் அரசுத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, கீழ்ப்படிதல் கடிதத்தைச் செல்லாததாக்கியது. மூன்றாவதாகத்தான் 1882 மார்ச் 28-இன் புகழ்பெற்ற சட்டம் வந்தது.

இந்த வரிசைக்கு ஒரு தருக்கம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஏழைப் பெற்றோரைக் கட்டாயப்படுத்துவது அநீதி; ஆகவே இலவசம் முந்தவேண்டும். கத்தோலிக்க மறைக்கல்வி நடக்கும் பள்ளிக்குப் புராட்டஸ்டண்டு, யூத, நம்பிக்கையற்ற குடும்பங்களின் பிள்ளைகளைச் சட்டத்தால் அனுப்புவது மனச்சான்றுக்கு எதிரானது. ஆகவே பாடத்திட்டம் மதத்திலிருந்து விலகவேண்டும். 1882 சட்டத்தின் பிரிவுகளை வரிசையாகப் படித்தால் அதை எழுதியவரின் முன்னுரிமை தெரிகிறது. முதல் பிரிவு பாடங்களை அடுக்கி, கிஸோ காலத்திலிருந்து தலைப்பில் இருந்த ‘அறநெறி, மதக் கல்வி’யின் இடத்தில் ‘அறநெறி, குடிமைக் கல்வி’யை வைக்கிறது. இரண்டாவது, பெற்றோர் விரும்பினால் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே மறைக்கல்வி பெறுவதற்காக ஞாயிறு தவிர வாரத்தில் ஒருநாள் விடுமுறை தருகிறது. வியாழக்கிழமை விடுமுறை என்ற நெடுங்காலப் பிரெஞ்சுப் பழக்கத்தின் வேர் இது. மூன்றாவது, குருமார்களுக்கு 1850-இல் தரப்பட்ட மேற்பார்வை உரிமையை ரத்து செய்கிறது. நான்காவதாகத்தான் ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை இருபால் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம் என்ற விதி வருகிறது. அதிலும் கட்டாயமானது கல்விதான், பள்ளி அன்று: பொதுப்பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ வீட்டிலோ கற்பிக்கலாம். ஃபெரி தனியார் கத்தோலிக்கப் பள்ளிகளை மூடவில்லை. அவை அதற்குப் பின்னும் பெருகின.

அவர் கடவுளைப் பள்ளியிலிருந்து துரத்தினார் என்பது எதிரிகளின் குற்றச்சாட்டு. சில ஆதரவாளர்களின் பெருமிதமும் அதுவே. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. செனட் அவையில் ழூல் சிமோன் என்னும் மூத்த குடியரசுவாதி, ஆசிரியர்கள் கடவுளுக்கும் தாய்நாட்டுக்கும் உரிய கடமைகளைக் கற்பிக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுத முயன்றார். செனட் ஏற்றது, மக்களவை மறுத்தது. ஆனால் சட்டத்தில் இடம் பெறாத அந்தத் தொடர் 1882 ஜூலையில் வெளியான பாடத்திட்டத்துக்குள் நுழைந்து, 1923 வரை அங்கேயே இருந்தது. வகுப்பறைச் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவையை, கழற்றும் விஷயத்திலும் 1882 நவம்பரில் அமைச்சகம் மாவட்ட ஆட்சியர்களுக்கு நிதானத்தையே அறிவுறுத்தியது: புதுக் கட்டடங்களில் வைக்கவேண்டாம், பழையவற்றில் ஊராரைப் புண்படுத்தாத நேரத்தையும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அது நெடுங்காலம் சுவரிலேயே இருந்தது.

எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. 1882-இன் இறுதியில் வத்திக்கான் நான்கு குடிமைக் கல்விப் பாடநூல்களைத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் ஒன்று போல் பெர் எழுதியது. ஆயர்கள் அந்தத் தடையறிவிப்பைக் கோவில்களில் படிக்கச் சொன்னார்கள். அந்நூல்களை வைத்திருக்கும் பிள்ளைக்கு முதல் நற்கருணை இல்லை என்று சில குருக்கள் அச்சுறுத்தினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் ஊர் ஆசிரியர். இந்தச் சூழலில், 1883 நவம்பரில், கல்வித் துறையை விட்டுப் போகும் தறுவாயில் ஃபெரி ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் தரும் அளவுகோல் எளியது: நீங்கள் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லுமுன், உங்கள் வகுப்பில் அமர்ந்து கேட்கும் ஒரு தந்தை, ஒரே ஒரு தந்தையாயினும், நேர்மையான மனத்தோடு அதற்கு உடன்பட மறுக்கக்கூடுமா என்று எண்ணிப்பாருங்கள், மறுக்கக்கூடும் என்றால் சொல்லாதீர்கள். ஐம்பது ஆண்டுகள் முன்பு கிஸோ எழுதிய கடிதத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டிய ஒன்று இது. கிஸோ ஆசிரியரைச் சமூக ஒழுங்கின் காவலராகப் பார்த்தார். ஃபெரி குடும்பத் தலைவரின் துணையாளராகப் பார்த்தார். இருவரும் அவரைப் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள், இருவர் காலத்திலும் அவருடைய சம்பளம் சிறியதாகவே இருந்தது.

இதையெல்லாம் ஃபெரி தனியே செய்தாரா என்று கேட்டால், அதற்கும் விடை ‘இல்லை’ என்பதே. 1879-இல் அவர் தொடக்கக் கல்வி இயக்குநராக நியமித்த ஃபெர்தினான் புய்சோன் 1896 வரை, அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்த காலத்தில், அந்த நாற்காலியில் இருந்தார். சுற்றறிக்கைகளும் பாடத்திட்டங்களும் ஆய்வாளர் பணியிடங்களும் அவர் மேசையைத் தாண்டித்தான் போயின. பிற்காலத்தில் 1927-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே. பெண் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளை உருவாக்க 1880-இல் ஃபோந்தனே-ஓ-ரோஸில் தொடங்கிய கல்லூரியை ஃபெலிக்ஸ் பெக்கோ வழிநடத்தினார். பெண்களுக்கான அரசு உயர்நிலைப் பள்ளிகளை ஏற்படுத்திய 1880 டிசம்பர்ச் சட்டம் கமில் சேயின் பெயரைத் தாங்குகிறது. புய்சோனும் பெக்கோவும் தாராளவாதப் புராட்டஸ்டண்டு மரபில் வந்தவர்கள். ஃபெரியின் மனைவியும் அல்சாஸ் புராட்டஸ்டண்டுக் குடும்பத்தவர். மதச்சார்பற்ற பள்ளியின் அறநெறிப் பாடத்தில் கேட்கும் கண்டிப்பான, மனச்சான்றை முன்னிறுத்தும் குரலுக்கு இந்த வட்டாரம் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது, ஆனால் இது நிறுவப்பட்ட செய்தி அன்று, கணிப்பு.

அவர் தொடங்கிய வேலையை அவருக்குப் பின் வந்தவர்களே முடித்தார்கள். பொதுப்பள்ளி ஆசிரியர்கள் துறவறத்தார் அல்லாதவர்களாக இருக்கவேண்டும் என்ற விதி 1882 சட்டத்தில் இல்லை. அது ரெனே கோப்லே அமைச்சராக இருந்தபோது 1886 அக்டோபர் 30-இல் வந்த சட்டம். ஆண்கள் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்றது. பெண்கள் பள்ளிகளுக்குக் கெடு வைக்கவில்லை, ஏனெனில் வேண்டிய அளவு ஆசிரியைகள் இன்னும் பயிற்சி முடித்து வரவில்லை. ஆசிரியர் சம்பளம் ஊராட்சியின் கையிலிருந்து அரசுக் கருவூலத்துக்கு முழுமையாக மாறியது 1889 ஜூலைச் சட்டத்தால். ஊர்த்தலைவரைப் பகைத்துக்கொண்டாலும் சம்பளம் வரும் என்ற நிலை ஆசிரியருக்கு அப்போதுதான் பிறந்தது. இலவசக் கல்வியின் நிதி அடித்தளம் உறுதியானதும் அந்த ஆண்டில்தான்.

கட்டாயம் நடைமுறையில் எப்படி இருந்தது? மென்மையாக. ஊர்தோறும் ஒரு பள்ளிக் குழு அமைத்து வராத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து எச்சரிக்கவேண்டும். மீண்டும் தவறினால் பெயரை ஊராட்சி அலுவலகக் கதவில் ஒட்டவேண்டும். அதற்கும் மேல் அபராதம். ஆனால் குழுவில் இருந்தவர்கள் அதே ஊர் விவசாயிகள். அறுவடைக்கும் திராட்சை பறிப்புக்கும் மாடு மேய்ப்பதற்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் போயினர். அண்டை வீட்டுக்காரர் பெயரைக் கதவில் ஒட்ட யார் முன்வருவார்? பதினொரு வயதிலேயே தொடக்கக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் தேறியவர் பள்ளியை விட்டு விலகவும் சட்டமே இடம் தந்தது.

இன்னொரு வரம்பு இதைவிடப் பெரியது. ஃபெரியின் பள்ளி எல்லோருக்குமான ஒரே பள்ளி அன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் லிசேக்களோடு இணைந்த கட்டணத் தொடக்க வகுப்புகளில் படித்து, இலத்தீன் கற்று, மேலே போனார்கள். மக்கள் பள்ளியில் படித்த பிள்ளை, உதவித்தொகை பெற்ற மிகச் சிலரைத் தவிர, சான்றிதழோடு வயலுக்கோ பட்டறைக்கோ போனது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது 1930-களின் தொடக்கத்தில். 1870 உரையில் அவர் பேசிய சமத்துவத்தை அளவுகோலாக வைத்தால், 1882 சட்டம் அதில் பாதி வழிகூடப் போகவில்லை. அவர் அதை விரும்பினாரா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 1871-இல் பாரிஸ் தொழிலாளர்கள் நகர ஆட்சியைக் கைப்பற்றிய கம்யூன் எழுச்சியை அவர் வெறுத்தார். துறவற சபைகளின் பள்ளிகளை இப்படியே விட்டால், அதற்கு எதிராகத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென 1871-இன் பொதுவுடைமைக் கனவுகளைக் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றக்கூடும் என்று 1879-இல் வெளிப்படையாகவே எச்சரித்தார். இதைக் கொண்டு அவர் சட்டங்கள் அனைத்தும் தொழிலாளரை அடக்கும் சூழ்ச்சி என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஓர் உரையின் ஒரு பத்தியை அவ்வளவு தூரம் இழுக்க நான் தயாரில்லை. வலதுசாரிகளை இணங்கவைக்கவும் அவர் அப்படிப் பேசியிருக்கலாம். ஆனால் சமூக அமைதி அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறுப்பதும் நேர்மை ஆகாது. இந்த இடத்தில் அவரும் கிஸோவும் அவ்வளவு தொலைவில் இல்லை.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் 1905-இல், ஃபெரி இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அவர் காலத்தில் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் அரசே சம்பளம் தந்துகொண்டிருந்தது. பள்ளி மட்டும் முதலில் விலகியது. அல்சாஸிலும் மோசெல் மாவட்டத்திலும் அதுவும் நடக்கவில்லை: 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்ததால் 1882 சட்டம் அங்கே எட்டவில்லை, திரும்பி வந்த பிறகும் பழைய முறை தொடர்ந்தது. அங்கே பொதுப்பள்ளிகளில் மதக் கல்வி இன்றும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

காலனியாதிக்கம் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: ஆம், உண்மை. அவர் பிரதமராக இருந்தபோதுதான் 1881-இல் துனீசியா பிரான்சின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. வியட்நாமின் தொங்கின் பகுதியில் நடத்திய போரில் ஏற்பட்ட பின்னடைவுச் செய்தியால் 1885 மார்ச்சில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு ஜூலை 28-இல் மக்களவையில், உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களின் மேல் உரிமை உண்டு, ஏனெனில் அவற்றை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு என்று பேசினார். காலத்தின் கருத்து அப்படி இருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இரண்டு நாள் கழித்து அதே அவையில் தீவிரக் குடியரசுவாதியான கிளெமான்சோ எழுந்து, இந்த உயர்வு தாழ்வுப் பேச்சு வன்முறைக்குப் போர்த்தும் போர்வை என்று மறுத்தார். அல்ஜீரியாவுக்கும் பள்ளிச் சட்டங்கள் 1883-இல் நீட்டிக்கப்பட்டன. நடைமுறையில் முஸ்லிம் பிள்ளைகளில் மிகச் சிறு பங்கினருக்கே இடம் கிடைத்தது. அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் அதற்குச் செலவழிக்க விரும்பவில்லை. 1890-களின் தொடக்கத்தில் செனட் குழுவின் தலைவராக அல்ஜீரியாவைப் பார்வையிட்ட ஃபெரி, குடியேறியவர்களின் இந்த மனப்பாங்கைக் கண்டித்தார்; ஆனால் அங்கே பிரெஞ்சு ஆட்சி இருக்கவேண்டுமா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. பள்ளியும் காலனியும் ஒரே மனத்தில் எப்படி முரண்படாமல் இருந்தன என்று கேட்டால், இரண்டிலும் அவர் தம்மைக் கற்பிப்பவர் இடத்தில் வைத்துக்கொண்டார் என்பதே எனக்குத் தெரிந்த விளக்கம். பிரெத்தாஞ்ஞில் பிரெத்தோன் மொழி பேசும் பிள்ளைக்கும் அல்ஜீரியப் பிள்ளைக்கும் என்ன தேவை என்பது பாரிஸுக்குத் தெரியும் என்ற உறுதி இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு, முதல் பிள்ளையின் தந்தைக்கு வாக்குரிமை இருந்தது, இரண்டாம் பிள்ளையின் தந்தைக்கு அது இல்லை.

தேர்வுக்கோ கட்டுரைக்கோ எழுதுவதாக இருந்தால், 1833, 1867, 1881, 1882, 1886, 1889 என்ற ஆறு ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள். 1879-இன் பயிற்சிப் பள்ளிச் சட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபெரியின் பெயரை 1881, 1882 ஆகிய இரண்டுக்கும் உரிமையோடு தரலாம். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் பத்தியில் மட்டும் கிஸோவின் பெயர் முதலில் வரட்டும்.